பதினேழாவது கேள்வி: வாசித்துக் காட்டினீர்களா

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில். இரண்டு மணிக்கு மேல் இடி, மழை. போதிய காலம் வாயை மூடியிருந்துவிட்டேன். இனி எழுதப் போகிறேன், இந்தக் கொப்பியிலாவது.

வேலை: ஆய்வு. கொழும்பில் ஒரு நிறுவனம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் நான்கு பொலிஸ் நிலையங்கள். சின்னக் குற்ற வழக்குகளை நீதவான் நீதிமன்றத்தில் அரச தரப்பாக நடத்துவது பொலிஸின் நீதிமன்றப் பிரிவுதான். எந்த வழக்கைக் கொண்டுபோவார்கள், எதைச் சமாதானம் பேசி மூடுவார்கள், முறைப்பாட்டுக்காரரிடம் என்ன சொல்வார்கள். முப்பத்திரண்டு கேள்விகள். நிலையத்தின் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.

நான் வாயைத் திறந்தால் வர வேண்டிய பெயர்கள்:

1. நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் நேர்முகத் தேர்வில் இரண்டு தடவை என்னைத் தள்ளியவர்கள். "சிங்களம் போதாது" என்றார்கள். கடைத்தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவனிடம்.
2. பள்ளிக்கூடத்தில் எனக்கு வர வேண்டிய அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர். இப்போதும் வீதியில் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொள்வார்.
3. ஆய்வு ஒருங்கிணைப்பாளர். என் வயதில் பாதி. கைபேசியில் கட்டளை.
4. இன்று வேண்டாம்.

நிலையம் 1. சார்ஜன்ட் மரியாதையான ஆள். கேள்வி 17: வாக்குமூலத்தை முறைப்பாட்டுக்காரருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டுகிறீர்களா? "ஆம், எப்போதும்." பதிந்துகொண்டேன். வெளியே வந்தால் வாங்குப் பலகையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள்.

"என்னாக்கா எழுதுனாங்க?"

"யாருக்குத் தெரியும். பெருவிரல இங்க வைன்னாங்க, வச்சேன்."

ஒருங்கிணைப்பாளருக்கு எடுத்துச் சொன்னேன். "சேர், அவங்க சொல்றத மட்டும் டிக் பண்ணுங்க. வாங்கில இருக்கிற ஆள்கள் நம்ம சாம்பிள் இல்ல."

செருப்பு வார் அறுந்தது. ஒட்ட வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியும் முன்னே மழை. பஸ்ஸில் நின்றபடி ஒன்றரை மணி நேரம். மழைத் தண்ணீர் பாலில் இறங்காமல் ரப்பர் மரங்களுக்கெல்லாம் பொலித்தீன் பாவாடை. தீபாவளி வருகிறது, நடைபாதை முழுக்கச் சிறுபிள்ளைச் சட்டைகள். எனக்கு வாங்க யாரும் இல்லை.

நிலையம் 2. பொறுப்பதிகாரி நீதிமன்றத்தில். எதிரே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். கடைக்காரர் முஸ்லிம், அறுபது வயதிருக்கும். தாள்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"பொலிசுக்கே கேள்வி கேக்குறீங்களா மாஸ்டர்? சீனி கூடப் போடுறன், குடிங்க."

நிலையத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இருக்கிறாரே. டீ ஆத்துறாரு."

முதலில் விளங்கவில்லை. தோட்டத்து ஆள் யாராவது வந்தால் வாசலில் நின்று கை தட்டுவார்களாம். இவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போவாராம்.

"கடையில ஆள் நின்டா நான் பாதியில வந்துருவன். மிச்சத்த அவங்களே போட்டுக்குவாங்க."

"எழுதினத யாரு வாசிச்சுக் காட்டுறது?"

"எனக்குச் சிங்களம் பேச்சுத்தான் மாஸ்டர். எழுத்து ஓடாது."

பிறகு உள்ளே அதிகாரி சொன்னது: கேள்வி 16, மொழிபெயர்ப்பாளர் உண்டு. கேள்வி 17, ஆம். இரண்டுக்கும் அடையாளம் போட்டேன். மழை.

நாளை நிலையம் 3. அந்த நிலையம். தூக்கம் வராது என்று தெரியும்.

ஒக்டோபர் 15, புதன்

மழை இல்லை, மந்தாரம். சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். யாருக்காக?

கட்டடம் புதிது. வாசல் மாமரம் மட்டும் பழையது. சார்ஜன்ட் பேச்சுக்காரர், சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். பதினேழாவது கேள்விக்கு வந்ததும் சிரித்தார்.

"வாசிப்போமா இல்லையா என்று எங்களைக் கேட்காதீர்கள். தோட்டத்து மேல் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். யாராவது முறைப்பாடு கொடுக்க வந்தால் அவரும் கூட வருவார். எழுதியதைத் தமிழில் சொல்லும்வரை கையெழுத்துப் போட விடமாட்டார். ஒரு நாள் இரண்டு மணி நேரம் நின்றார். பேனையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். புஷ்பராணி. அவர் வந்தால் எங்களுக்குத் தேநீர் இறங்காது."

என் பேனை நின்றது. அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்க முடியும்?

வெளியே வந்தேன். மாமரத்தடியில் ஒரு கிழவரோடு புஷ்பராணி. தலை பாதி நரைத்திருந்தது. வலப் புருவத்தில் அந்தத் தழும்பு.

"மாஸ்டரா? மெலிஞ்சு போனீங்களே."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். குவைத்துல எட்டு வருஷம். வந்து மகள கட்டிக் குடுத்துட்டேன். வீட்டுக்காரரு போயி நாலு வருஷமாச்சு. நீங்க?"

தனியாக என்று சொல்லவில்லை. சர்வே என்றேன். என்ன சர்வே என்றாள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுகிறார்களா என்று கேட்கிறேன் என்றேன். சிரித்தாள். அதே சிரிப்பு, ஒரு பல் இல்லை.

"கேட்டாத்தான் காட்டுவாங்க. கேக்கணும்னு அன்னைக்கு எனக்குத் தெரியல."

நான் மரத்தைப் பார்த்தேன்.

"நீங்களும் பாவம் எனக்காக அலைஞ்சீங்க. அவங்கதான் பைலை அமுக்கிட்டாங்க. உங்கள ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க, காசு வாங்கிட்டாருன்னு. நான் நம்பல மாஸ்டர். ஒருத்தருகிட்டயும் விட்டுக் குடுக்கல."

கிழவர்: "ஏம்மா, பஸ்ஸு போயிருச்சின்னா நீதான் தூக்கிட்டுப் போகணும்."

"வாங்க மாமா, வாங்க. உங்களத் தூக்குறதுக்கு ரெண்டு ஆள் வேணும்." என்னிடம், "தீவாளிக்கு வாங்க மாஸ்டர். பழைய லயத்து வீடுதான், கடைசிக் காம்பரா."

போய்விட்டாள். கேள்வி 18 முதல் 32 வரை கேட்கவே இல்லை. திரும்பிப் போய் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பதில் வாங்கினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

காய்ச்சல் என்று ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தி. பொய்.

அலுமாரியின் மேல்தட்டுக் கோப்பை இறக்கினேன். இருபத்திரண்டு வருடமாகக் கூடவே வருகிறது. மூன்று வீடு மாறியும் தொலையவில்லை.

பெயர் 4: நான்.

அன்று நடந்தது, வரிசையாக. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவளை வாளியால் அடித்தான். புருவம் பிளந்தது. மறுநாள் நான்தான் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர், சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். சார்ஜன்ட் எழுந்து "மாத்தயா, வாடிவென்ன" என்று உட்காரச் சொல்லி எனக்குக் கதிரை போட்டார். அவளுக்கு இல்லை. எனக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர். என் சிங்களம் இங்கிருக்கும் ஆட்களைவிட நல்லது என்றார். அவள் சொன்னதை நான் சொன்னேன், அவர் எழுதினார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் படிக்கவில்லை. படித்தால் அவரைச் சந்தேகிப்பது போலாகும் என்று பட்டது. அந்தக் கதிரை அவ்வளவு சுகமாக இருந்தது.

"போடும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை அல்ல. போட்டாள்.

பிரதி ஒன்று கேட்டு வாங்கினேன், கெட்டிக்காரனாம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கினாள். தலை என் தோளில் இரண்டு தடவை மோதியது. அப்போதுதான் பிரதியை விரித்தேன். "வாய்த் தகராறு. தவறி விழுந்ததில் காயம். இருவரும் சமாதானமாகிவிட்டோம். மேல் நடவடிக்கை வேண்டாம்." கீழே அவள் பெயர், உருண்டை உருண்டையாக.

எழுப்பியிருக்கலாம். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பியிருக்கலாம். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஞாயிறு தோறும் வாசலுக்கு வருவாள். "கோர்ட்டுக் கடுதாசி வந்துச்சா மாஸ்டர்?" "வரும்." ஏழு மாதம். அவள் வருவாள் என்பதற்காகவே ஞாயிறு காலையில் சவரம் செய்வேன். அதையும் எழுதிவிடுகிறேன். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்க நினைத்த நாளெல்லாம் இந்தத் தாள் பையில் இருந்தது. பிறகு அவளுக்குக் கல்யாணம். பிறகு குவைத்.

நேர்முகத் தேர்வில் இருந்தவர்களுக்கு இருபது வருடமாக மனதுக்குள் சாபம். என் சிங்களம் போதும். அந்தத் தாளைப் படிக்க அது தாராளமாகப் போதும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை, விட்டு விட்டு. நிலையம் 4 போகவில்லை.

அவளுடைய வாக்குமூலம் முழுவதையும் தமிழில் எழுதினேன். ஒரு சொல்லும் விடவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பகல் முழுதும் பிடித்தது. பதினொரு வரிதான். அதன்கீழ் இரண்டு வரி: இதை மாஸ்டர் அன்று மாலை பஸ்ஸிலேயே படித்தார். உங்களிடம் சொல்லவில்லை.

"உன்னிடம்" என்று எழுதி அடித்து, "உங்களிடம்" என்று மாற்றினேன்.

ஒருங்கிணைப்பாளர் கைபேசியில் இரண்டு தடவை எடுத்தார். மூன்றாம் தடவை பேசினேன். பதினேழாவது கேள்வியில் மூன்று நிலையத்துக்கும் நான் போட்ட அடையாளம் பிழை, அடித்துவிட்டேன், பக்கத்தில் கண்டதை எழுதியிருக்கிறேன் என்றேன்.

"சேர், அதுக்கு ஃபோம்ல இடமில்லையே."

"ஓரத்தில இருக்கு."

கைபேசியை வைத்துவிட்டார். வேலை போகலாம்.

தீபாவளிக்கு வரச் சொன்னாள். கடைசிக் காம்பரா. போனால் பலகாரம் தருவாள், கதிரை போடுவாள். ஒருத்தரிடமும் என்னை விட்டுக் கொடுக்காதவள். எழுதியதைக் கிழித்துப் போட்டால் போதும், போய் உட்காரலாம். மத்தியானம் முழுக்க அந்தக் கதிரையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உறையில் சிங்களப் பிரதியும் தமிழும். தபால் முத்திரை ஒட்டியாயிற்று. அனுப்புநர் இடம் வெறுமை. பெயரும் விலாசமும் போட்டால் அது பதில் கேட்கும் கடிதமாகிவிடும். ஞாயிறு தோறும் நான் சவரம் செய்துகொண்டு காத்திருப்பேன். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும்.

நாலரைக்குத் தபால் கந்தோர் மூடும். கையெழுத்துப் போடவில்லை. போகிறேன்.