கண் எழுதாத மந்திரவாதி

காஜா பேராங், மலாக்கா.
ஜூலை 1957

என் மகன் தியாகுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் கோகிலாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் அது பொய். உன் இருமல் விட்டதா இல்லையா என்பதைக்கூட நீ எழுதுவதில்லை, நல்லையா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உங்கள் தடுப்பு முகாம் சமையலறைக்கு அரிசி பருப்பு போடுகிற அதே நல்லையா, நீ சமையல் வேலைக்கு வரும் நாள் பார்த்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்ட என் போன கடிதத்தில் அதிகாரி மை பூசியது போக 'அம்மா' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது என்று எழுதியிருந்தாய். அதில் அப்படி என்ன எழுதிவிட்டேன்? கடையில் சிவப்புச் சாயம் தீர்ந்துபோனது என்று எழுதினேன். சிவப்பு என்றதும் அந்த ஆளுக்குக் கம்யூனிஸ்ட் ஞாபகம் வந்திருக்கும். அதனால்தான் இந்தச் சுற்றுவழி. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

முதலில் கெட்ட செய்தி. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும். உங்களை விசாரிக்கிற குழு இந்த மாதக் கடைசியில் கூடுகிறது. அதுதான் கடைசிக் கூட்டம். சுதந்திரம் வந்த பிறகு அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள், உட்காருவார்களா என்பதே யாருக்கும் தெரியாது என்கிறார் வக்கீல். அதற்குள் உன் பெயர் விடுதலைப் பட்டியலில் ஏறாவிட்டால் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். இங்கே பிறந்தவனைத் தொட முடியாதாம். கோகிலா இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள், அவளை யாரும் அசைக்க முடியாது. நீ தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உன் அம்மாவை நானே கப்பல் ஏற்றி அனுப்பினேன். கைக்குழந்தையாக இங்கே வந்தாய், அந்த ஊரை நீ கண்ணால் பார்த்த நினைவுகூட உனக்குக் கிடையாது. ஆனால் காகிதத்தில் நீ அந்த ஊர்க்காரன். ஊர் உலகம் செய்கிற ஒரு முறையைச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனை.

உன் அம்மா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். அவன் போனால் நானும் போவேன், அந்த ஊரில் அவனுக்கு யாரைத் தெரியும், ரசம் வைத்துக் கொடுக்கவாவது ஒரு ஆள் வேண்டாமா என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

இனி நான் செய்துகொண்டிருக்கும் கூத்தைச் சொல்கிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை.

கிளேபாங்கில் கடலைப் பார்த்த பெரிய பங்களாவில் பெல்லமி துரை இருக்கிறார். தோட்ட நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்றவர், சுதந்திரத்துக்குப் பிறகு சீமைக்கே திரும்பப் போகிறார். உன் விசாரணைக் குழுவில் மூன்றாவது நாற்காலி அவருடையது. இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் நம் கடைக்கு வந்தார். சின்னச் சின்ன டின்களில் எனாமல் சாயம் வேண்டும் என்றார். வாசலில் நின்று நம் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். அதில் நீ எழுதிய யானை இருக்கிறதல்லவா, அதன் கண்ணில் இமை மயிர் வரைக்கும் தெரிகிறது, இது யார் கை என்று மலாயில் கேட்டார். என் கைதான் துவான் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அவர் யார் என்று எனக்குத் தெரியும், நான் யாருடைய தகப்பன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு ஒரு வாசல் வேண்டியிருந்தது. கிடைத்த வாசலில் நுழைந்தேன்.

அவருக்கு ஒரு பைத்தியம். பெரிய மேசை முழுக்க மணலைக் கொட்டி, மலையும் ஆறும் செய்து, ஈயப் பொம்மைப் படைகளை நிறுத்தி வைத்திருக்கிறார். சனிக்கிழமையானால் இன்னொரு வெள்ளைக்காரர் வருகிறார். இருவரும் அளவுகோலும் பகடையும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். காட்டுக்குள்ளே நிஜச் சண்டை நடக்கிற நாட்டில் கிழவர்கள் இருவர் மேசையில் சண்டை போடுகிறார்களே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். சிப்பாய் பொம்மை அலுத்துவிட்டதாம். இப்போது அவர்கள் நாட்டுக் கதைகளில் வருகிற மந்திரவாதிகளை ஈயத்தில் வார்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். கூம்புத் தொப்பி, தரையில் புரளும் அங்கி, கையில் கோல். ஒரு பாதி வெள்ளை ராஜாவுக்கு, மறு பாதி இருட்டு ராஜாவுக்கு. சீமைக்குக் கிளம்புவதற்குள் எல்லாவற்றுக்கும் சாயம் பூசித் தர வேண்டும் என்றார். அப்போதே ஒரு நிபந்தனையும் போட்டார். உன் மகனைப் பற்றி இந்த வீட்டில் ஒரு சொல் வரக் கூடாது பிச்சை, வந்தால் நீயும் வரக் கூடாது என்றார். சரி துவான் என்றேன்.

இருபது வருஷமாகச் சாயம் விற்கிறேன், தூரிகை பிடித்ததில்லை. முதல் பொம்மைக்குப் படகுக்கு அடிக்கிற மாதிரி அப்பிவிட்டேன். தாடி, தொப்பி, மூக்கு எல்லாம் ஒன்றாகி, உருகின மெழுகுவர்த்தி மாதிரி நின்றது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டினேன். சீனக் கோயில் சிலைகளுக்குச் சாயம் பூசுகிற ஆ செங் கடைக்கு வந்தபோது காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, என்ன தவுக்கே, கடை முதலாளிக்குச் சாமானை விற்கத் தெரியும், பூசத் தெரியாதா, தண்ணிப் பால் மாதிரி கரைத்துப் போடு, காயட்டும், மறுபடி போடு, மடிப்புக்குள்ளே இருட்டு, மேட்டிலே வெளிச்சம் என்றான். போகும்போது மூன்று மயிர் மட்டும் மிஞ்சின ஒரு கிழத் தூரிகையைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பெரிய ஆணியின் தலையில் மெழுகை வைத்துப் பொம்மையை ஒட்டிக்கொண்டேன், திருப்பித் திருப்பிப் பூச வசதியாக இருக்கிறது. கடை சாத்தியதும் உட்கார்ந்துவிடுவேன். அப்பா மூச்சு விட மறந்துட்டாரு என்று கோகிலா கத்துகிறாள். விட்டால் கை ஆடுகிறது, நான் என்ன செய்ய?

இன்னொரு கேலியையும் கேள். மந்திரவாதி என்றால் எனக்குத் தெரிந்த மந்திரவாதியைத்தானே பூசுவேன்? முதல் வரிசைக்கு எல்லாம் கறுப்புத் தாடி, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, நடுவில் குங்குமம், சிவந்த கண். பயபக்தியோடு கொண்டுபோய் வைத்தேன். துரை கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இது உங்கள் ஊர் மந்திரவாதி, போமோ அல்லவா பிச்சை, என் ஆட்கள் பனி பெய்கிற நாட்டுக்காரர்கள், வெள்ளைத் தாடி, ரோஜா நிறத் தோல் என்றார். எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். ஆனால் ஒன்றை மட்டும் அவர் அழிக்க விடவில்லை. அது மேசையில் நிற்கட்டும், அதற்குத் தவுக்கே என்று பெயர் வைக்கிறேன் என்றார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தோம். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைக் கப்பல் ஏற்றப் போகிற மனுஷனோடு நின்று சிரித்திருக்கிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

பொம்மைகளில் ஒன்று தனி. மண்டியிட்டு இருக்கிறது, கையில் கோல் இல்லை. இது எந்தப் பக்கம் என்று கேட்டேன். எந்தப் பக்கமும் இல்லை, ஆட்டத்தில் பிடிபட்டவனுக்குப் பதிலாக இதை வைப்போம், மேசைக்கு வெளியே அந்தப் பெட்டி மூடியில் கிடக்கும், இதற்குச் சாயம் வேண்டாம், சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடு என்றார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயம் வேண்டாம் என்றவர் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரத்தை எடுத்து அதன் தாடியை ராவி எடுத்தேன். தொப்பியையும் ராவித் தலைமயிர் ஆக்கினேன். நம் நிறத்துக்கு மஞ்சளும் கறுப்பும் சிவப்பும் கலந்து பார்த்தேன், கடையில் இருக்கிற எந்த டின்னிலும் அந்த நிறம் இல்லை. உன் அம்மா வந்து என் பின்னால் நின்றாள். இன்னும் கொஞ்சம் சிவப்பு விடுங்கள், அவன் வெயிலில் நின்றால் சிவந்த கறுப்பாக இருப்பான் என்றாள். சாய டின் விழுந்து உன் புருவம் வெட்டிக்கொண்டதே, அந்தத் தழும்பைத் தூரிகையின் ஒற்றை மயிரால் வைத்தேன். தோட்டக் கூட்டத்துக்குப் பதாகை எழுதப் போன அன்றைக்கு நீ போட்டிருந்த நீலச் சட்டைதான் அங்கி. அந்தப் பதாகையை நம் கடைச் சாயத்தில்தான் எழுதினாய். ரப்பர் பால் வெட்டுகிறவனுக்குக் கூலி கூட்டிக் கொடு என்று எழுதினாய். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானும் பால் வாளி சுமந்தவன் பெற்ற பிள்ளைதான். இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். போன தடவை வந்தபோது, அந்த உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடு என்பதைத் தவிர வேறு எதையும் நான் பேசவில்லை.

போன சனிக்கிழமை எல்லா மந்திரவாதிகளோடும் அதையும் மேசையில் வைத்தேன். துரை கண்ணாடி வில்லையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். இது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. பிறகு அவர் ஆட்டத்தின் விதி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். பிடிபட்டவன் வாக்குக் கொடுத்தால் மேசைக்குத் திரும்பி வரலாம். ஆனால் நடக்கிற ஆட்டம் முடியும்வரை கோலைத் தொடக் கூடாது. இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தே சொன்னார். நான் வியாபாரி. வாங்க வந்தவன் சரக்கைப் பார்த்துக்கொண்டு பேசினால் விலை சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த பிறகு என்ன துவான் என்று கேட்டேன். அடுத்த ஆட்டம் என்னுடையது இல்லையே, நான் ஊருக்குப் போய்விடுவேன், அதில் யார் எந்தக் கோலைப் பிடித்தால் எனக்கு என்ன என்றார்.

தியாகு, எனக்குப் புரிந்தது உனக்குப் புரியாமல் போகாது. அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் யாரையும் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. வக்கீலை விட்டு வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டேன். சங்க வேலைக்கும் கூட்டத்துக்கும் போக மாட்டேன் என்று இருக்கிறது, அவ்வளவுதான். நீ செய்தது தப்பு என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் நானே கிழித்திருப்பேன். கோலைக் கீழே வை என்கிறார்கள். வைத்தவன் திரும்ப எடுக்க முடியாதா? உயிரோடு இந்த ஊரில் இருந்தால்தானே எடுக்க முடியும்? நாகப்பட்டினத்தில் இறங்கி நின்று யாருக்குப் பதாகை எழுதப் போகிறாய்?

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. கோபம் தீர்ந்துவிட்டது. இங்கே ஊர் முழுக்கச் சுதந்திரத்துக்காகச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், கடையில் கூட்டம் தாங்கவில்லை. செமாபோக்கிலிருந்துகூட ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். என்ன தவுக்கே, உங்கள் கடைக்கு எப்போது வெள்ளை அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று பாக்கி. துரை அந்தப் பொம்மையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலை முடியவில்லை, கண் இல்லையே, அதை எழுதி, குழு கூடுவதற்கு முன்பு கொண்டு வா என்றார். கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அது நம் வழக்கம், அதனால் விட்டுவைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மற்ற மந்திரவாதிகளுக்கெல்லாம் எழுதிவிட்டேன், வெள்ளைப் பொட்டு, அதன்மேல் கறுப்புப் பொட்டு, முடிந்தது. இதற்கு மட்டும் கை போகவில்லை. தூரிகையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உன் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பலகையில் இருக்கிற யானையின் கண்ணைப் போய்ப் பார்த்தேன், அது நீ எழுதியதுதான், ஆனால் அது யானையின் கண். நான் உன்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய். நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும்வரை உன் வகிட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தத் தடவை கையெழுத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். எழுதியது எழுதியதுதான், இனி உன் இஷ்டம். நீ எதுவும் பேச வேண்டாம். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடு அப்பா. பார்த்த கையோடு பஸ் ஏறி வந்து கண்ணை எழுதிவிடுவேன்.

நீ எந்தக் கரையில் நின்றாலும் உன் தலைக்கு மேலே ஒரு கூரையும் உன் தட்டில் சுடுசோறும் இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
பிச்சை