மழை நாளுக்குப் பொத்தோங்கான் இல்லை

என் அன்பு அண்ணே,

புல் எந்த மாதம் எவ்வளவு வளரும் என்று தெரியாமல், அதை வெட்டுவதற்கு நீ எப்படி விலை சொன்னாய்? காம்பார் கல்லூரியில் இருபது வருடமாகப் புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. லோரியையும் புல்வெட்டும் மெஷின்களையும் விற்றுவிடலாம் என்று அண்ணி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். பதினெட்டு வருடம் உன்னோடு புல் வெட்டிய மாரி அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. வேறு யார் அவருக்கு வேலை கொடுப்பார்கள்?

உன் தொழிலில் ஒரு காகிதம்கூட இல்லை. தாமான் குடியிருப்பு முழுவதற்கும் மாதம் ஒரே தொகை. மழை மாதத்தில் மூன்று முறை வெட்டினாய், வெயில் மாதத்தில் ஒரு முறை. கேட்டால், "எல்லாம் சரியாப் போயிரும் பாப்பா" என்பாய். நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் அது. பழைய ஓடை எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது, எங்கே புல் முந்திக்கொண்டு எழும் என்பதெல்லாம் உன் காலுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதனால் ஒப்பந்தம் எழுதினேன்.

மாதம் இரண்டு வெட்டு. கூடுதல் வெட்டுக்குத் தனி விலை, புல்லை அள்ளிப் போவதற்குத் தனி விலை. தாமான் குடியிருப்போர் சங்கத்தில் எல்லா இனத்தவரும் இருப்பதால் மலாயில் எழுதினேன். கடைசி வரி, மழை நாளுக்குப் பொத்தோங்கான் இல்லை என்பது. மழையால் வேலை தள்ளிப்போனாலும் பணத்தில் பிடித்தம் கூடாது என்று நினைத்து எழுதியது.

பொத்தோங் என்றால் பிடித்தம் மட்டுமல்ல, வெட்டும்தான். எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மழை நாளில் வெட்டு இல்லை என்று மாரி அண்ணன் படித்துக்கொண்டார். அக்டோபரில் ஈப்போவில் மழையில்லாத நாள் ஏது? மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டார். நானும் பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்துவிட்டேன், போய்ப் பார்க்கவில்லை. விளையாட்டுத் திடலில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பாம்பு.

சங்கத் தலைவர் ஹனிஃபா பாய் தன் சாப்பாட்டுக் கடைக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார்.

"என்னம்மா, பாம்புப் பண்ணையா நடத்துறோம்?"

"மாரி அண்ணே தப்பாப் புரிஞ்சிக்கிட்டாரு பாய்."

"என்னா தப்பு? மழைன்னா வெட்ட மாட்டோம்னு நீங்கதானே எழுதிருக்கீங்க. நாங்களும் அப்படித்தான் படிச்சோம்."

"அது வெட்டு இல்ல பாய். காசைப் பிடிக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

அவர் தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப வெட்டவும் மாட்டீங்க, காசு மட்டும் முழுசா வேணும். நல்லா இருக்கு லா! ஒங்க அண்ணன் ஒரு வரி எழுதினதில்ல. ஒரு நாளும் இப்படி ஆனதில்ல."

அவர் கெட்டவர் இல்லை. உன் சாவுக்கு வந்து கடைசி வரை நின்றவர்.

வெளியே வந்ததும் மாரி அண்ணன் கேட்டார்: "நான் படிச்சதுதான் தப்பா, தங்கச்சி?"

"இல்லண்ணே. நான் எழுதினதுதான்."

"அப்பாடா. பெரிய படிப்பு படிச்சவங்க தப்புன்னா பரவால்ல."

நாளைக் காலை சங்கம் கூடி முடிவு செய்கிறது. மெங்லெம்புவில் ஒரு கம்பெனியிடமும் விலை கேட்டிருக்கிறார்களாம். தாமான் வேலை போனால் நமக்கு மிஞ்சுவது மூன்று வீட்டு வாசல் புல். அதை வைத்து மாரி அண்ணன் எப்படிப் பிழைப்பார்?

ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். மாதம் எத்தனை வெட்டு என்ற கணக்கே இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை, புல் கணுக்காலைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, நீ செய்துகொண்டிருந்ததைத்தான் வாக்கியமாக்கியிருக்கிறேன் என்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதமும் ஒரு பாம்பும் தேவைப்பட்டிருக்கிறது. யாராவது படிப்பார்களா? நம்பிக்கையில்லை.

வாக்குக் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். என்ன முடிவானாலும் மாரி அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்வேன். போனில் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா

மறுநாள் எழுதிச் சேர்த்தது:

ஒன்பதரைக்கு ஹனிஃபா பாய் போன் செய்தார். மாதக் கடைசியோடு நம் வேலை முடிகிறது. மெங்லெம்புக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். புதுத் தாளைப் படித்தீர்களா என்று கேட்டேன். "நேரமில்லம்மா" என்றார்.

புந்தோங்கில் மாரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். பைப்பை மூடினார்.

"அந்தப் புதுக் கம்பெனிக்கு ஆள் வேணுமாமா?"

"கேட்டேண்ணே. அம்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம்."

கையைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு நாப்பத்தொம்பதுதானே? நீ போய்க் கேளு லா."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் பைப்பைத் திறந்து, மிச்சமிருந்த மண்ணைக் கழுவினார்.