மூன்றாம் ஓலை வாசிக்கப்படாது

அன்பு மகன் டோனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. மலைக்குளிர் உன்னை வாட்டாமல் இருக்கட்டும்.

உன் பட்டாளத்து ஆபீஸில் விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்கிறார்கள் என்று நீ போனில் சொன்னதும் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நான்சியோடு நடந்த கல்யாணம் செல்லாது என்று சபை கொடுத்த காகிதத்தை நீட்டினேன். அது கோயிலுக்கு மட்டும்தானாம், சர்க்காருக்கு அவள்தான் இன்னும் உன் மனைவியாம், இப்போது இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டினால் வேலையும் போய் வழக்கும் வருமாம். கோயிலில் பூசைக்கு நடுவே உன் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசிக்கும்வரை இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டால் சீக்கிரம் முடியும், இல்லையென்றால் வருடக்கணக்காகும், வாய்தாவுக்கு வாய்தா நீ லீவு கேட்டு நிற்க வேண்டும் என்றார் வக்கீல். அதற்காகத்தான் செவ்வாய்ப்பேட்டையில் நான்சியின் அப்பன் வீட்டுப் படியேறினேன். பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு நாற்காலி போடாதவர்கள், இப்போது மட்டும் போடுவார்களா. அவள் அப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஏனுங்க சம்பந்தி, பையனுக்குக் கல்யாணமாமே, எங்களுக்குப் பத்திரிகை இல்லீங்களா?" என்றான். நான்சி சத்தம் போடவில்லை. "எனக்குப் புத்தி சரியில்லைன்னு சபையில எழுதிக் குடுத்தீங்களே மாமா, புத்தி சரியில்லாதவ கையெழுத்து கோர்ட்டுல செல்லுங்களா? நீங்க எழுதினது பொய்னு சாமியார்கிட்டச் சொல்லுங்க, மறுநாளே வந்து போட்டுத் தாரேன்" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். உன் நன்மைக்காக எழுதியதை அவர்களுக்காக நான் ஏன் திரும்பப் பெற வேண்டும்? சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டால்தான் என்ன என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்கிறாள். என்னால் ஆகாது. வழக்காகவே நடக்கட்டும்.

மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கென்று கேட்ட லீவைக் கோர்ட்டுக்கென்று மாற்றிக் கேள். அவள் முந்திக்கொண்டு ஜீவனாம்ச வழக்குப் போட்டால் நீ இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடக்கூடாது, எல்லையில் பணியில் இருக்கிறாய் என்று அதிகாரியிடம் சான்று வாங்கி அனுப்பு, மறந்துவிடாதே. கம்பளி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காப்பாளாக.

மேட்டூர்ப் பெண் வீட்டாருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டுப் படியேற என்னால் முடியாது, அந்தப் பெண்ணிடம் நீயே போனில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. யாகப்பன்,
சேலம்.