உன் முத்திரையில் போன ஷாஃப்டுகள்

என் அன்பு மச்சான் சேவியருக்கு,

நீ போன எட்டாவது மாதத்தில் உனக்கு ஒரு புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்ட இன்ஸ்பெக்டராம். போன வாரம் நம் அம்பத்தூர் கம்பெனி மீட்டிங்கில் மேனேஜர் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

வண்டி வாங்குகிறவன் முதலில் கேட்பது மைலேஜ். அதற்காக எடையைக் குறைக்க, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டையே குழாயாக்கினார்கள். நீ அதை எதிர்க்கவில்லை. குழாயின் சுவர் ஒரு பக்கம் மெலிந்து வந்த அந்த ஒரு லாட்டுக்குத்தான், அனுப்பக் கூடாதென்று சிவப்புச் சீட்டு ஒட்டினாய். "எடைய கொறைக்கட்டும் மச்சான், வேணாங்கல. ஆனா இது முறுக்குல பிச்சிக்கினு பூடும்" என்றாய்.

மறுநாள் உனக்கு நெஞ்சுவலி. நீ ஆஸ்பத்திரியில், லாரி கேட்டில். "சேவியர் முத்திரை உன்கிட்டதானப்பா இருக்கு? அடிச்சி அனுப்பு" என்றார் மேனேஜர். இருந்தது. டீக்குப் போகும்போது பாஸ் போடும் நம்பர் முத்திரையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவது நம் எல்லோருக்கும் பழக்கம்தானே. சீட்டைக் கிழித்தேன். ஒவ்வொரு ஷாஃப்டிலும் உன் நம்பரை அடித்தேன். என் நம்பரை ஏன் அடிக்கவில்லை என்கிறாயா? பயம், மச்சான். வேறென்ன? அது தெரியாமலே நீ போய்விட்டாய்.

இப்போது அவை விரிசலோடு திரும்பி வருகின்றன. பூந்தமல்லி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒன்று முறிந்து, பின்னால் வந்து மோதிய பையன் கால் உடைந்து கிடக்கிறான். அடிக்கச் சொன்ன வாயே உனக்கு அந்தப் பெயரை வைத்தது. செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

ஞாயிறு பூசை முடிந்து கோவில்பதாகையில் உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது. "அண்ணா, அவரு அப்படிப் பாக்காம வுடுற ஆளா? நீ கூடவே இருந்தியே, சொல்லேன்" என்றாள். தெரியவில்லை என்றேன். என் கூடப்பிறந்தவளிடம், உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை விசாரணை. முத்திரையை அடித்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். வேலை போகட்டும், கேஸும் வரட்டும். அதற்கு முன், நாளைக் காலையில் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதன் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா என்று தெரியாது. இன்றைக்கு மட்டும் இப்படிப் போட்டுக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
தாமஸ்