வாழைக்கன்று கட்டிய லாரி

செப்டம்பர் 26, வெள்ளி
முடித்துவிட்டேன்! எடைமேடையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே கேபிள், அதில் கேமராக்களுக்கு ஒரு நெட்வொர்க், இயந்திரங்களுக்கு ஒரு நெட்வொர்க். எதர்நெட்டில் தகவல் எல்லாம் பிரேம் பிரேமாக, சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒவ்வொரு பிரேமிலும் அது எந்த நெட்வொர்க் என்று சொல்ல ஒரு சின்ன அடையாளம் சேர்த்திருக்கிறேன். பாசிர் கூடாங்கில் எங்கள் எண்ணெய் ஆலைக்கு இது புதிது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வேறு யார் தட்டுவார்?

செப்டம்பர் 29, திங்கள்
அவசரப்பட்டுத் தட்டிவிட்டேன். எடை வருகிறது, லாரி எண் வருகிறது, லாரியின் படம் மட்டும் வரவில்லை. படம் இல்லாமல் ரசீது அச்சாகாது. கேட்டுக்கு வெளியே வரை லாரிகள்.

மேனேஜர் நவ்சாத், "பிங் போகுதே லா, அப்புறம் என்ன?" என்றார். பிங் அனுப்பி 'இருக்கியா' என்று கேமராவைக் கேட்டால் 'இருக்கேன்' என்று பதில் வருகிறது. அப்புறம் என்னதான்?

"வியாழனுக்குள்ள சரியாகலன்னா பழையபடி மாத்திடு, சந்திரா. புது எண்ணெய் டாங்க் யார்டு வேலையை சிங்கப்பூர் கம்பெனிக்கே குடுத்துடலாம்."

அந்த யார்டுக்கு வரைபடம் போட்டு வைத்திருப்பவள் நான். குடுத்துடுவாராம்ல!

செப்டம்பர் 30
கேபிளை மாற்றினேன், கேமராவை மாற்றினேன். ம்ஹும். வீட்டில் கணவர் ரூபேந்திரன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், சாப்டியான்னுதான் கேட்டார்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை
கண்டுபிடித்துவிட்டேன்!

கேட்டில் பூஜை முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். டிரைவர் வேலு அண்ணன் தன் பெரிய லாரியின் இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி ஓட்டிவந்தார். இலை நுனி உயரத் தடைக் கம்பியில் இடித்து மணி அடித்துவிட்டது. காவலர் திருப்பி அனுப்பினார்.

"அலமாக்! தெனம் போற லாரிதாங்க இது. ரெண்டு கன்னுதானே கூட!"

பின்னால் வந்த சின்ன வேனிலும் கன்று கட்டியிருந்தது. அது இடிக்காமல் போய்விட்டது.

சுண்டலைப் போட்டுவிட்டு ஓடினேன். எடையும் எண்ணும் பிங்கும் சின்ன பிரேம்கள். அடையாளம் சேர்ந்தாலும் நுழையும். படம் என்றால் பிரேம் முழுக்க நிரம்பும். அதன் மேல் என் அடையாளம் நான்கு பைட்! வழியில், எடைமேடைக் கூரைக்குள், கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது. அளவு மீறியதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும் போல.

முழு அளவில் பிங் அனுப்பினேன். போகவில்லை. நான்கு பைட் குறைத்தேன். போனது! கத்தியே விட்டேன்.

அக்டோபர் 2
புதுப் பெட்டி மாட்டியாச்சு. முதலில் வந்த படம் வேலு அண்ணன் லாரி; வாடிய கன்றை இன்னும் அவிழ்க்கவில்லை. நவ்சாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பண்டாய் லா நீ," என்றார். கெட்டிக்காரியாம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. யார்டு வரைபடத்தை அவர் மேசையில் விரித்து வைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்
காலையிலிருந்து புது டாங்க் யார்டில், வெயிலில். முதல் கேமரா கம்பத்தின் மேலிருந்து என் உதவியாள் ஹாஃபிஸ் முழு அளவு பிங் அனுப்பிப் பார்த்தான். இந்தச் சோதனைக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் வாழை. வாக்கிடாக்கியில் அவன் குரல்: "காக், பீசாங் லெப்பாஸ்!" அக்கா, வாழை தாண்டிவிட்டது.

என் வரைபடத்தில் முதல் கம்பத்தை டிக் செய்தேன். டாங்க் யார்டில் இன்னும் நிறைய கம்பங்கள் இருக்கின்றன.