வராமல் போன மாட்டுவண்டி

தோஸ்து,

இன்று காலை நோயாளிகளைத் தூக்கும் டோலியைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நெடி ஏறியதும் உன் வீட்டு வாசல் கண்முன் வந்தது. நீ போன பிறகு அங்கே வாளி வாளியாக ஊற்றியிருந்தார்கள். ஊர் அடங்கி நான் திரும்பி வந்தபோது வீட்டில் நீ இல்லை, அந்த நெடிதான் இருந்தது.

உன் பேரில் ராயபுரத்தில் ஒரு சங்கம் நடக்கிறது. நடக்க முடியாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது வேலை. துறைமுகத்தில் நம்மோடு மூட்டை தூக்கியவர்கள் ஆரம்பித்தது. ஏழு வருஷமாக ஞாயிறுதோறும் டோலியின் முன்பக்கத்தை நான்தான் பிடித்தேன். உன் நினைவு நாளில் செயலாளர் மாணிக்கம் என்னை எழுப்பி நிறுத்தி, உன் உயிர்த்தோழன் என்பார். கை தட்டுவார்கள். நானும் கும்பிடுவேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான அந்தக் கோடையில், ராயபுரத்தில் உன் எதிர்வீட்டு முனியம்மாவுக்கு நிறைமாதம். புருஷன் கப்பலில் இருந்தான். மாமியாருக்குக் கால் விளங்காது. அவர்களைப் பொன்னேரியில் அவள் அக்காள் வீட்டில் சேர்க்க வழி தேடிக்கொண்டிருந்தாய். திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து மாமாவின் மாட்டுவண்டியை விடிந்ததும் ஓட்டி வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். "நீ வந்தா போதும்டா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாய்.

விடிந்ததும் வண்டியைப் பூட்டினேன். சாலை முழுக்க ஜனம், எல்லோரும் வடக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்துக்குத் திருப்பினால் மீண்டு வரமாட்டோம் என்று மனைவி அழுதாள். அவளைக் காரணம் சொல்லிப் பல வருஷம் தப்பித்தேன். பயந்தது நான்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்களும் வடக்கே போனோம். வண்டியில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கலாம். அந்த இடத்தில் பித்தளை அண்டாவையும் துணி மூட்டைகளையும் ஏற்றியிருந்தேன்.

நீ துறைமுகத்துக் கைவண்டியில் அந்த இரண்டு பெண்களையும் தள்ளிக்கொண்டே பொன்னேரி போய்ச் சேர்ந்தாய். அதோடு நிற்காமல் திரும்பி வந்து, தெருவில் போக்கிடமில்லாமல் கிடந்த ஒரு கிழவரையும் கொண்டுபோய் விட்டாய். வழியில் குடித்த தண்ணீரோ என்னவோ, வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் முடிந்துவிட்டது. நாங்கள் பயந்த குண்டு ராயபுரத்தில் விழவேயில்லை.

போன மாதம் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த முனியம்மாவை நாங்கள்தான் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருக்கையில் நீ அவர்களைத் தள்ளிக்கொண்டு போன நாளைப் பற்றி அவளாகவே பேச்செடுத்தாள்.

"திருவொற்றியூராண்ட வண்டிய நிறுத்திட்டு உன் வூட்டப் பாக்கப் போச்சு அது. திரும்பி வந்து, உனக்குக் கடும் ஜுரம், எழுந்திருக்கவே முடிலன்னு சொல்லிச்சு. வழியெல்லாம் உன்ன நெனச்சு வேண்டிகினே போனேன், அண்ணே."

எனக்கு ஜுரமே வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். அண்டாவைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பூட்டப் பாத்துட்டுதான் சிரிச்சுகினே வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்த வருஷ நினைவுக் கூட்டத்தில் மாணிக்கம் என்னை எழுப்பியபோது நடந்ததை அப்படியே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை, திட்டவுமில்லை. அடுத்த ஞாயிறு டோலியின் முன்பக்கத்தில் வேறொருவர் நின்றார். "நீ பின்னாடி புடி" என்றார் மாணிக்கம். பிடித்தேன். இனி வராதே என்று சொல்லாமல் விட்டதே எனக்குப் பெரிது.

என் வீட்டுக் கதவிலிருந்து நீ வண்டியை நிறுத்திய தெருமுனைக்கு ஐம்பது அடி இருக்கும். இப்போதெல்லாம் அந்த ஐம்பது அடியைத்தான் தினமும் நடந்து பார்க்கிறேன். நான் ஏமாற்றியதைத் தெரிந்துகொண்டு, அந்தத் தூரத்துக்குள் கோபத்தை விழுங்கி, எனக்கு ஒரு ஜுரத்தையும் வரவழைத்து, அந்தப் பெண்கள் முன்னால் என்னை நல்லவனாக்கிவிட்டு, மறுபடி வண்டியைத் தள்ள ஆரம்பித்திருக்கிறாய். நீயாக நினைத்துக்கொண்டு எத்தனை தடவை நடந்தாலும் எனக்கு அந்தத் தெருமுனை வரவேயில்லை.