பூஜ்யத்துக்குப் போன பெயர்

பதிவு: முதல் நாள், காலை 06:10

மூன்றாம் குழியில் பனிக்கட்டி தீர்ந்துபோன வருஷம் இது. கீழே எங்கள் ஊர் உப்பளத்துக்குள் ஏறிய கடல் இறங்காமலே நின்றுவிட்டதும், கம்பெனி சந்திரனைக் கைகழுவியதும் இதே வருஷம்தான். கண்டெடுக்கிறவர்கள் இதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோபுரத்து இயந்திரம் எழுதிக்கொள்கிறது.

எல்லாரையும் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூடும் வேலைக்கு மூன்று பேர் மிச்சம். பள்ளத்து முகாமில் ஜெபஸ்டின், கணினிக்காரன். மேட்டு முகாமில் என் பேத்தி உலகம்மாள், காற்றுக்குழாய் பார்ப்பவள். நடுவில் அஞ்சல் கோபுரத்தில் நான், வெயிலுமுத்து. அவர்கள் பேச்செல்லாம் என் கோபுரம் வழியாகத்தான் போகும், வரும்.

தினமும் ஸ்கிரிப்டை ஓட்டுவது என் வேலை. இங்கே ஒவ்வொருவர் உடுப்பிலும் பேச ஒரு ரேடியோ உண்டு; அதற்கு ஒரு பெயர், பெயருக்கு எதிரே ஒரு முகவரி. அந்தப் பட்டியலை ஹோஸ்ட்ஸ் கோப்பு என்பான் ஜெபஸ்டின். ஆள் செத்தாலும் உடுப்பு சாகாது. வெயில் பட்டால் தானாகக் கூப்பிடும். அதனால் செத்தவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட்டுவிட வேண்டும். பிறகு அந்தப் பெயரிலிருந்து எதுவும் வராது, அதற்கு எதுவும் போகாது. முகாம்களிலிருந்து செத்தவர் பட்டியலை இறக்கி, ஒன்றாகச் சேர்த்து, இரட்டிப்பாக வரும் பெயரை நீக்கி, பூஜ்யம் போடுவதுதான் ஸ்கிரிப்ட். இயந்திரம் கேட்கும்: எங்கிருந்து இறக்க? விலக்கு உண்டா? போடவா? விலக்கு என்றால் பூஜ்யம் போடாமல் விட வேண்டிய பெயர். நான் சொல்வேன்: இரண்டு முகாம். இல்லை. போடு.

இன்று வந்தவை:

"தாத்தா, கஞ்சி குடிச்சாச்சா?"

"பொட்டலத்தக் கிழிச்சு ஊத்துறதுக்குப் பேரு கஞ்சின்னா, குடிச்சாச்சு தாயி."

"நாக்கு நீளந்தான். ஜெபஸ்டின் அண்ணே, கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன். ஒங்க தாத்தாவுக்கு நிலாவையே அவிச்சுக் குடுத்தாலும் உப்பு கொறவும்பாரு."

பதிவு: இரண்டாம் நாள், 14:40

தரை நடுங்கியது. பெரிய குழாய் பிளந்துவிட்டது. அவரவர் தொட்டியில் இருப்பதுதான் இனிக் காற்று. மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டது என்கிறார்கள். வரும்வரை தாங்க வேண்டும். என்னிடம் காற்று நிரப்பிய வண்டி ஒன்று தண்டவாளத்தில் நிற்கிறது. கோபுரத்துக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ, அவர் கூப்பிட்டால் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டது இது.

நடுக்கத்தில் பழைய இடுகாட்டுச் சரிவு பிளந்து வெயில் உள்ளே போயிருக்கிறது. அங்கே கிடப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். பேச்சு இல்லை, வெறும் கூவல். சந்தைக்கடை மாதிரி. உலகம்மாள் ஏதோ சொன்னாள், இரைச்சலில் பிடிபடவில்லை. ஜெபஸ்டின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"தாத்தா, பழைய இடுகாட்டுப் பட்டியல்னு தனியா ஒண்ணு கெடக்கு. இதுவரைக்கும் அத எறக்குனதே இல்ல. மொதக் கேள்விக்கு அதையும் சேத்துச் சொல்லுங்க."

"மத்த கேள்விக்கு என்னலே?"

"பழையபடிதான். விலக்கு இல்ல, போடு."

சொன்னேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. அப்பாடா என்று இருந்தது.

பதிவு: மூன்றாம் நாள், 05:55

உலகம்மாளிடமிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

பதிவு: மூன்றாம் நாள், 11:20

"தாத்தா, எனக்கு முட்டுது."

"வண்டிய விடட்டுமா?"

"அவ?"

"பேச்சில்ல."

"அப்ப பொறுங்க. அவளுக்கு வச்சிருங்க."

"நேத்துலருந்து பொறுத்தாச்சுலே. பேசுத பிள்ளய விட்டுட்டு, பேசாத பிள்ளைக்கு எப்படி அனுப்ப?"

ஜெபஸ்டின் பொறு என்றாலும் நான் பொறுக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். வண்டி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

பதிவு: மூன்றாம் நாள், 16:05

"தாத்தா, கணக்கு ஒதைக்குது. அவ தொட்டி என்னோடத விடப் பெருசு. எனக்கு முன்னால அவ எப்படி... அந்த இடுகாட்டுப் பட்டியல இயந்திரத்த வாசிக்கச் சொல்லுங்க. எனக்கும் கேக்கட்டும்."

வாசித்தது. எல்லாரையும் எனக்குத் தெரியும். சங்கரவடிவு, ஏணி முறிந்து விழுந்தவள். குருசம்மாள், காய்ச்சலோடு வேலைக்கு இறங்கியவள். ஆதிமூலம், சிரித்துக்கொண்டே இருப்பான். உலகம்மாள். அது என் மனைவி. இரண்டாம் குழி சரிந்தபோது போனாள். பனியை உடைத்துக் குழி வெட்டிக் கிடத்தியது என் கைதான். நல்லவேளை, அவள் பெயரும் இருக்கிறது, விட்டுப் போகவில்லை என்றுகூட நினைத்தேன். இயந்திரம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் உறைத்தது.

மகன் வீட்டு முதல் பெண்ணுக்கு அவனைப் பெற்றவள் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். என் மகனும் வைத்தான். பேத்தி வேலைக்கு வந்தபோது அதே பெயரில்தான் உடுப்பு கொடுத்தார்கள். கிழவிக்குப் போட்ட பூஜ்யம் பேத்தி வாயையும் அடைத்துவிட்டது.

"தாத்தா, தப்பு என்னோடதுதான். ஒரே பேருல ரெண்டு பேர் இருப்பாகன்னு தோணலயே. விலக்கு உண்டுன்னு சொல்லுங்க. சீக்கிரம்!"

எங்கிருந்து இறக்க? சொன்னேன். விலக்கு உண்டா? உண்டு. உலகம்மாள். போடவா? போடு, போடு.

குரல் வந்தது.

"தாத்தா, எவ்வளவு கூப்பிட்டும் நீங்க பேசல. அண்ணனும் பேசல. விழுந்து கெடக்கியளோ என்னமோ. நான் நடந்தே வாரேன். வையாதீங்க."

"தாயி! தாயி, நான் நல்லா இருக்கேன். எங்க நிக்க? அங்கனயே இரு தாயி."

"தாத்தா, எவ்வளவு கூப்பிட்டும் நீங்க பேசல. அண்ணனும் பேசல..."

புது உடுப்புகள் பழையவை போலக் கூவாது; ஆள் போய்விட்டால் கடைசியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நிற்காது. இயந்திரத்திடம் கேட்டேன். உடுப்பில் மூச்சு இல்லை என்றது.

பதிவு: மூன்றாம் நாள், 19:30

ஜெபஸ்டின் கேட்கவில்லை. மூச்சு இல்லை என்றால் இல்லையா, நான் போய்ப் பார்க்கிறேன் என்று காற்று வண்டியிலேயே ஏறி வந்தான். பிரிவு தாண்டி மேட்டுப் பாதையில் தண்டவாளம் வளைந்து கிடந்திருக்கிறது. வண்டி கவிழ்ந்து தொட்டி உடைந்தது. அவன் கால் வண்டிக்கு அடியில்.

"தாத்தா, கண்டுட்டேன். எனக்குக் கையெட்டுற தூரம். கோபுரத்தப் பாத்துதான் ஒக்காந்திருக்கா."

"முகம் எப்படி இருக்கு?"

"தூங்குறாப்ல இருக்கு தாத்தா."

"ஒனக்குக் காத்து எவ்வளவு இருக்கு?"

"கப்பல் வார வரைக்கும் இல்ல."

பதிவு: மூன்றாம் நாள், 20:15

கோபுரத்துத் தொட்டியைக் கழற்றித் தட்டுவண்டியில் கட்டினேன். கோபுரம் நிற்பது உச்சியில், அங்கிருந்து எந்தப் பக்கமும் இறக்கம்தான். தள்ளினால் போதும். அவன் கிடக்கும் இடம்வரை தண்டவாளம் நேராக இருக்கிறது.

"என்ன வண்டி வருது? தாத்தா, நீங்க எத வச்சு மூச்சு விடுவீக?"

"என்கிட்ட இன்னொண்ணு இருக்குலே. குழாய மாட்டு."

"பொய் சொல்லாதீக."

"பேசிப் பேசிக் காத்தக் கெடுக்காத. மாட்டுனியா?"

"...மாட்டிட்டேன்."

பதிவு: மூன்றாம் நாள், 22:50

அறைக்காற்று கனத்துவிட்டது. வாய் குழறுகிறது. எழுதுகிறாயா? எழுது.

முறைப்படி அவள் பெயரையும் இறந்தவர் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். இயந்திரம் சொன்னது: இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இரட்டிப்பு. நீக்கப்பட்டது.

இவள் வேறு என்றேன். இவள் என் மகன் பிள்ளை என்றேன். இரட்டிப்பு என்றது. மறுபடி சொன்னேன். நீக்கப்பட்டது.

பதிவு: 23:

கப்பலிலிருந்து:

"கோபுரம், நெருங்கிவிட்டோம். உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர்? பெயர்களைச் சொல்லுங்கள்."

"ஒருத்தன் ஐயா. மேட்டுப் பாதையில... வண்டி கவுந்து கெடக்கும். அங்கன படுத்திருக்கான்."

"பெயர்?"

"ஜெபஸ்டின்."